தனியறைச் சுகமும் தங்கச்சிமடமும்

(பட்டிமன்றத் தலைப்பு: 'அடிக்கடி விமானத்தில் போகிறவர்களுக்கு லவுஞ்ச் வசதி பயனா? வீணா?' 'வீணே' என்ற அணியில் பேசியது.)



நான் ராமநாதபுரத்துக்காரன். எங்கள் மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையமே கிடையாது. உச்சிப்புளியில் ஒன்று இருக்கிறது; அது கடற்படைக்குச் சொந்தம். விமானம் ஏற வேண்டுமென்றால் மதுரைக்குத்தான் ஓட வேண்டும். "விமான நிலையமே இல்லாத ஊர்க்காரன் லவுஞ்சைப் பற்றிப் பேச வந்துட்டானே!" என்று எதிரணி நண்பர் நினைக்கலாம். (சிரிப்பு) ஐயா, காத்திருப்பதைப் பற்றி எங்களுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்குத் தெரியும்? 1914இல் பாம்பன் ரயில் பாலம் வருவதற்கு முன்னால், ராமேசுவரம் போக வந்தவர்கள் கரையில் தோணிக்குக் காத்துக் கிடந்தார்கள். நிலம் முடிகிற அந்த ஊருக்குப் பெயரே மண்டபம்!

எதிரணி நண்பர் சொன்னார்: "கார்டைக் காட்டினா போதும், உள்ளே எல்லாம் இலவசம்." நடுவர் அவர்களே, அந்தக் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் யார் கட்டுகிறார்கள்? பல வங்கிகள் இப்போது இன்னொரு நிபந்தனையும் போடுகின்றன. இந்த மூன்று மாதத்தில் இவ்வளவு ரூபாய் செலவழித்தால்தான் அடுத்த மூன்று மாதத்தில் லவுஞ்சுக்குள் விடுவார்களாம். எனக்குத் தெரிந்த ஒருவர், கணக்கில் கொஞ்சம் குறைகிறது என்று ஒரு ஃபிரிஜ் வாங்கிவிட்டார். ரெண்டு இட்லிக்கு ஒரு ஃபிரிஜ்! (பலத்த சிரிப்பு) சரி, போனால் உடனே உட்கார முடிகிறதா? கூட்ட நேரத்தில் வாசலில் வரிசை. காத்திருக்கிற அறைக்குள்ளே போவதற்கே காத்திருக்கிறார்கள்!

இந்த லவுஞ்ச் எப்படி வந்தது? 1939இல் நியூயார்க் லகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 'அட்மிரல்ஸ் கிளப்' என்று ஒன்றைத் திறந்தது. அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. பிறந்தபோதே அதற்கு ஒரு கதவு இருந்தது. அந்தக் கதவின் வேலை, ஒருவரை உள்ளே விடுவது மட்டும் இல்லை. ஒன்பது பேரை வெளியே நிறுத்துவதும்தான்.

நம்ம ஊர்க் கதையைப் பாருங்கள். சேது யாத்திரை போகிற வழியெல்லாம் சேதுபதிகளும் தஞ்சை மராட்டிய மன்னர்களும் சத்திரம் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரம் 1802இல் சரபோஜி மன்னர் கட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு, சத்திரங்களுக்கான தருமம் நின்றுவிடக் கூடாது என்று ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு அவர் கடிதம் எழுதினார். வருகிறவருக்குச் சோறு, குழந்தைக்குப் பால், நோயாளிக்கு வைத்தியம், கர்ப்பிணிக்கு அங்கேயே பிரசவம் என்று அதில் விவரிக்கிறார். எந்தக் கார்டும் இல்லை ஐயா. நடந்த களைப்புதான் கார்டு! (கைதட்டல்)

ராமேசுவரம் தீவில் அக்காள்மடம், தங்கச்சிமடம் என்று இரண்டு ஊர்கள். ஊரார் வழிவழியாகச் சொல்லும் வரலாறு ஒன்று உண்டு. சேதுபதியின் இரண்டு பெண்களையும் ஒருவரே மணந்திருந்தார். அந்த மருமகன், யாத்திரிகர்களிடம் வழியில் காசு வசூலித்தார். சேதுபதி, மருமகன் என்றும் பார்க்காமல் மரண தண்டனை விதித்தார். பெண்கள் இருவரும் தீயில் இறங்கினார்கள். அவர்கள் நினைவாக எழுந்தவைதான் அந்த இரண்டு மடங்கள் என்பார்கள். அந்தத் தண்டனையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் வழிப்போக்கனிடம் காசு பிடுங்குவதை அந்த மண் எவ்வளவு பெரிய பாவமாக நினைத்திருந்தால், இப்படி ஒரு கதையை இத்தனை காலம் மறக்காமல் வைத்திருக்கும்!

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இணைப்பு விமானத்துக்கு ஆறு மணி நேரம் கிடக்கிறவருக்கு, குளித்து முதுகைச் சாய்க்க ஓர் இடம் வேண்டும். அங்கே லவுஞ்ச் பயன்தான். ஆனால் அரை மணி நேரத்துக்கு ஓடி ஓடிப் போகிறோமே, அது ஓய்வுக்கா? கௌரவத்துக்கா?

நானும் போனவன்தான். சில வருஷத்துக்கு முன்னால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சென்னையிலிருந்து டெல்லிக்குப் புறப்பட்டேன். விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். என் கார்டில் ஒருவருக்குத்தான் அனுமதி. அம்மா சொன்னாங்க: "நீ போயிட்டு வாய்யா, நான் இங்கன உக்காந்திருக்கேன்." போனேன் ஐயா. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், போனேன். பொங்கல், வடை, காபி. முக்கால் மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், அம்மா மடியில் புளியோதரைப் பொட்டலம். பக்கத்தில், வேலைக்காக முதல் தடவை விமானம் ஏறுகிற ஒரு பையன். பயத்தில் காலையிலிருந்து சாப்பிடவில்லையாம். அம்மா இலையைப் பிரித்து அவனுக்குப் பாதி கொடுத்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்துக் கேட்டாங்க: "சாப்பிட்டியாய்யா? யாரு கூட உக்காந்து சாப்பிட்ட?"

"யாரும் இல்லம்மா, தனியாத்தான்."

"தனியா சாப்பிடவா இம்புட்டுக் காசு கட்டிக் கார்டு வாங்கின?"

நடுவர் அவர்களே, அந்தக் கேள்விக்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை. (நீண்ட கைதட்டல்)

2025இல் சென்னை விமான நிலையத்தில் 'உடான் யாத்ரி கஃபே' திறந்தார்கள். டீ 10 ரூபாய், சமோசா 20 ரூபாய். யாரும் போகலாம். அதுதான் இந்தக் காலத்துச் சத்திரம். பொது இடத்தில் நல்ல நாற்காலியும், கட்டுப்படியாகிற விலையில் சாப்பாடும் இருந்தால், அடிக்கடி போகிறவருக்கும் போதும், ஆயுளில் ஒரு தடவை போகிறவருக்கும் போதும். அதைக் கேட்டு வாங்குவோம். அம்மாவை வெளியே உட்கார வைக்கிற சுகம் வீணே, வீணே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.