லைசென்சு பறிபோனவர் கையில் சாவியைக் கொடுக்காதீர்!

(தஞ்சோங் டாவாய் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில், கிளைச் செயலாளரான தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் பேசுகிற மேடையில் இன்று மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், ஆனால் கடைசிவரை இருந்து கேளுங்கள். நம்மில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு எத்தனை? விடியுமுன் மரத்துக்குப் போவதும் அதில்தான். பால் வாளியை ஸ்டோருக்குக் கொண்டு போவதும் அதில்தான். பிள்ளையைப் பள்ளியில் விடுவதும், மெர்போக்குக்கும் பீடோங்குக்கும் சாமான் வாங்கப் போவதும் அதில்தான். அந்த வண்டியே ஒரு நாள் நம் குடும்பத்தைக் கடனில் தள்ளிவிடக் கூடும் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் சட்டம் படித்த வக்கீல் அல்லன். தமிழ்ப் பள்ளியில் படித்த தோட்டக் கிராணி. பட்டுத் தெரிந்து கொண்டதையும், பிறகு விசாரித்துத் தெரிந்து கொண்டதையும் சொல்கிறேன்.

முதலில் நான் செய்த தவற்றைச் சொல்லி விடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, லயத்துத் தம்பி ஒருவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். பிள்ளைக்குக் காய்ச்சல், மருந்து வாங்க வேண்டும், வண்டியைக் கொடுங்கள் என்றார். குடித்து விட்டு ஓட்டியதற்காகக் கோர்ட்டு அவர் லைசென்சைப் பறித்திருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் சாவியைக் கொடுத்தேன். பிள்ளை விஷயம், எப்படி இல்லை என்பது? செமெலிங் பக்கம் போலீஸ் சாலைத் தடுப்பு இருந்தது. தம்பி பிடிபட்டார். அவரை மட்டும் கோர்ட்டுக்கு இழுப்பார்கள் என்று நான் எண்ணியிருந்தேன். சுங்கைப் பட்டாணிக் கோர்ட்டில் அவருக்குப் பக்கத்தில் நானும் நின்றேன். அவருக்கு அபராதத்தோடு தடைக் காலமும் நீண்டது. எனக்கும் அபராதம் விழுந்தது. அன்று யாருக்கும் அடிபடவில்லை. அதுதான் எங்கள் அதிர்ஷ்டம்.

நான் செய்த பிழை என்ன? வண்டியை நானே ஓட்டிப் போயிருக்கலாம். தம்பியைப் பின்னால் உட்கார வைத்திருக்கலாம். பிள்ளைக்கும் மருந்து கிடைத்திருக்கும், சட்டமும் கெட்டிருக்காது. அந்த யோசனை எனக்கு மறுநாள்தான் வந்தது!

தோழர்களே, லைசென்சு இல்லாமை மூன்று வகை. எடுக்கவே எடுக்காதவர் ஒருவர். எடுத்துப் புதுப்பிக்க மறந்தவர் இன்னொருவர். கோர்ட்டு உத்திரவால் ஓட்டும் உரிமையே பறிபோனவர் மூன்றாமவர். பேச்சில் மூவரையும் 'லைசென்சு இல்லாதவர்' என்று ஒன்றாகச் சொல்கிறோம். இன்சூரன்ஸ் கம்பெனி அப்படிப் பார்ப்பதில்லை. பொதுவாக வழங்கும் மோட்டார் பாலிசியை எடுத்துப் படியுங்கள். லைசென்சு காலாவதியானவருக்கு, அவர் தடை செய்யப்படாதவராக இருந்தால், ஓரளவு சலுகை உண்டு. தடை செய்யப்பட்டவருக்கு அந்தச் சலுகை கிடையாது. புதுப்பிக்க மறந்தவர் கவுண்டரில் பணம் கட்டினால் காரியம் முடியும். மூன்று ஆண்டுக்கு மேல் விட்டு விட்டால் மட்டும் மறுபடி பரீட்சை. தடை செய்யப்பட்டவர் எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் காலம் முடியும்வரை ஓட்டக் கூடாது.

இந்தத் தடை எப்படி வருகிறது? நம் நாட்டில் 1958ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்துக்குப் பதிலாக 1987ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 2020இல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் மதுவின் அளவு 80 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றிருந்தது 50 ஆகக் குறைந்தது. அந்த அளவைத் தாண்டி ஓட்டிப் பிடிபட்டால், முதல் தடவையே 10,000 வெள்ளி முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, குறைந்தது இரண்டு ஆண்டு ஓட்டத் தடை. குடிபோதையில் ஓட்டி உயிர் போனால் 10 முதல் 15 ஆண்டு சிறையும், குறைந்தது 10 ஆண்டுத் தடையும் உண்டு. இரண்டு கிளாஸ் உள்ளே போனபின் சாவியைத் தேடுகிற தோழர் இந்தக் கணக்கை மனத்தில் வைக்க வேண்டும்.

தடைக் காலத்தில் ஓட்டுவது தனிக் குற்றம். அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. வண்டியைக் கொடுத்தவரையும் சட்டம் விடுவதில்லை. லைசென்சு இல்லாதவரை ஓட்ட அனுமதிப்பதும் குற்றமே. இன்சூரன்ஸ் இல்லாத நிலையில் வண்டியை ஓட்டினாலும், ஓட்ட விட்டாலும் 1,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதோடு, தக்க விசேஷக் காரணம் காட்டாவிட்டால், 12 மாதம் லைசென்சு தடையாகும். கருணையால் சாவி கொடுத்தவரே தடை செய்யப்பட்டவராகி விடுகிறார், பார்த்தீர்களா! ஒரு தடை இரண்டு வீட்டைப் பிடிக்கிறது.

பெரட்டுக் களத்தில் நான் கேட்கிற சமாதானங்கள் இரண்டு. "தோட்டத்து ரோடுதானே, யார் பிடிப்பார்கள்?" என்பது ஒன்று. பொது மக்கள் போய் வரக்கூடிய எந்தச் சாலையும் சட்டத்தின் கண்ணில் சாலைதான். பால்காரரும் மீன்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் போய் வருகிற தோட்டத்துச் சாலை அதற்குள் வந்து விடும். "இன்சூரன்ஸ் கட்டியாயிற்றே!" என்பது இரண்டாவது. அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இன்சூரன்ஸ் என்பது குடை மாதிரி. குடை கையில் இருந்தால் போதாது, விரிந்தும் இருக்க வேண்டும். தடை செய்யப்பட்டவர் வண்டியில் ஏறியதுமே அந்தக் குடை உங்களுக்கு மடங்கி விடுகிறது. வண்டி நொறுங்கினால் பழுது பார்க்கும் செலவு உங்களுடையது. ஆனால் எதிரே வந்து அடிபட்டவர் என்ன பாவம் செய்தார்? வண்டி ஓட்டியவருக்கு லைசென்சு உண்டா இல்லையா என்று அவர் கேட்டுக் கொண்டா நடந்தார்? அதனால்தான் மூன்றாம் நபருக்கான இன்சூரன்சைச் சட்டம் கட்டாயமாக்கியது. அடிபட்டவருக்குக் கோர்ட்டு தீர்ப்பளித்த நஷ்ட ஈட்டைக் கம்பெனி கொடுத்தாக வேண்டிய நிலை உண்டு. கொடுத்து விட்டுக் கம்பெனி சும்மா இருக்காது. நிபந்தனையை மீறிய பாலிசிக்காரரிடம் அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கும்.

இந்தியாவில் இதே கேள்வி சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. நேஷனல் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஸ்வரண் சிங் என்பவருக்கும் நடந்த வழக்கில் 2004 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. லைசென்சு இல்லாதவரும் தடை செய்யப்பட்டவரும் ஓட்டிய வண்டிகள் அங்கே பேசு பொருள். ஓட்டியவரிடம் லைசென்சு இல்லை என்று சொல்லி மட்டும் கம்பெனி ஒதுங்க முடியாது, வண்டிக்காரர் வேண்டுமென்றோ அலட்சியமாகவோ நிபந்தனையை மீறினார் என்று கம்பெனியே நிரூபிக்க வேண்டும் என்றது கோர்ட்டு. அடிபட்டவருக்கு முதலில் கொடு, பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக் கொள் என்ற வழியையும் காட்டியது. இந்தத் தீர்ப்பு நம் நாட்டுக் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் பாடம் ஒன்றே. லைசென்சைக் கேட்டுப் பார்த்து வண்டி கொடுத்தவருக்குச் சொல்ல ஒரு வாதம் உண்டு. தெரிந்தே கொடுத்தவருக்கு, அன்று என்னைப் போன்றவருக்கு, என்ன வாதம் உண்டு? ஒரு கால் போனவருக்குரிய நஷ்ட ஈட்டை மரம் வெட்டுகிற சம்பளத்தில் எத்தனை ஆண்டு கட்டுவது? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பின்னால் உட்கார்ந்து வரும் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. கட்டாய இன்சூரன்ஸ் பொதுவாகப் பின்னால் இருப்பவரைக் காப்பதில்லை. வேலை ஒப்பந்தத்தின்படி ஏற்றிச் செல்லப்படுபவர் போன்ற சிலருக்குத்தான் சட்டம் அதைக் கேட்கிறது. ஆகவே ஏறுமுன், ஓட்டுபவர் யார் என்று பாருங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

நம்மில் யாராவது அடிபட்டால் என்ன செய்வது? விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் கொடுங்கள். வண்டி எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். ஓட்டியவர் தடை செய்யப்பட்டவர், அவரிடம் ஒன்றும் கிடைக்காது என்று யாராவது சொன்னால் மனம் தளர வேண்டாம். செல்லத்தக்க இன்சூரன்ஸ் இல்லாத வண்டியால் அடிபட்டவருக்கு உதவ 1968 முதல் மேற்கு மலேசிய மோட்டார் இன்சூரன்ஸ் கம்பெனிகளின் பொது அமைப்பு ஒன்று உண்டு. குடும்பத் தலைவர் இறந்து போனால் அவரை நம்பியிருந்தவர்கள் மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். துக்கத்தில் காலம் ஓடி விடும். சங்கத்துக்கு உடனே வாருங்கள். வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்த விபத்தானால் சொக்சோ மனுவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தடை பெற்ற தோழரே, உங்களை ஒதுக்கி வைக்க நான் இங்கே பேசவில்லை. மாஜிஸ்திரேட் தீர்ப்பு அநியாயம் என்று பட்டால் 14 நாளுக்குள் அப்பீல் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். நாள் தவற விடாமல் சங்கத்திடம் சொல்லுங்கள். அப்பீல் இல்லையென்றால் காலம் முடியும்வரை பொறுங்கள். அதுவரை உங்களை மரத்துக்கும் ஸ்டோருக்கும் ஏற்றிப் போவது பக்கத்து வீட்டுக்காரரின் கடமை. ஒவ்வொரு லயத்திலும் இரண்டு பேர் முன்வந்தால் போதும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நடு இரவில் கதவைத் தட்டினால் சாவியைக் கொடுக்காதீர்கள். நீங்களே எழுந்து வண்டியை ஓட்டிப் போங்கள். அன்று நான் செய்யத் தவறியது அதுதான். இந்தக் கிளையில் இனி யாரும் அதைத் தவற விடக் கூடாது.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!