கச்சானுக்கு ஏற்ற வீடு

மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரை, கிழக்கே எழுவான்கரை. ஞாயிறு எழுவதையும் படுவதையும் கொண்டு தம் நிலத்துக்குப் பெயரிட்ட மக்கள், வீடு கட்டும்போதும் அந்த ஞாயிற்றை மறந்தாரல்லர். களிமண் சுவர், தென்னங்கிடுகு வேய்ந்த கூரை, தாழ இறங்கிய தாழ்வாரம், முன்னே ஒரு திண்ணை ஆகியவை சேர்ந்ததே பழைய வீடு. கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களிலும் அதனுள்ளே குளிர்ந்த நிழல் இருந்தது.

ஆயினும் அவ்வீட்டின் குறையை மறைத்தல் தகாது. 1978 நவம்பரில் வீசிய சூறாவளி கூரைகளைப் பிய்த்தெறிந்தது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் எழுந்த கடற்கோள் நாவலடி முதலிய கரையோரக் குடியிருப்புகளை அழித்தது. நீண்ட போரும் எண்ணற்ற வீடுகளைச் சிதைத்தது. இத்தனையும் கண்ட மக்கள் உறுதியான கல்வீட்டை விரும்பியதில் வியப்பென்ன?

அவ்விருப்பம் நிறைவேற உலகம் கைகொடுத்தது. வடக்கிலும் கிழக்கிலும் 2012 அக்டோபர் 2 ஆம் நாள் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கட்டம், குடும்பம் ஒன்றுக்கு 550,000 ரூபாவைப் பகுதி பகுதியாக வழங்கியது. வீட்டுக்குரியோரே முன்னின்று கட்டுவித்தனர்.

எனினும் உறுதி மட்டும் போதுமா? மட்டக்களப்பில் நண்பகல் வெயில் ஏறக்குறைய உச்சியிலேயே நிற்கும். ஆதலின் சுவரினும் கூரையே மிகுந்த வெப்பத்தை ஏற்கிறது. மெல்லிய தகட்டின் கீழ் உட்கூரையும் இல்லையேல், வீடு அடுப்பாகிவிடும். மின்விசிறி இரவெல்லாம் சுழலும். மாத முடிவில் அதன் கட்டணத்தை ஏழைக் குடும்பமே செலுத்த வேண்டும். இலவசமாய் வந்த வீடு இவ்வாறு ஆயுள் முழுதும் செலவு வைக்கலாம்.

2015 இன் பின்னர், வடக்குக்கும் கிழக்குக்கும் 65,000 உருக்கு வீடுகள் முன்மொழியப்பட்டபோது எழுந்த எதிர்ப்பின் கருவும் இதுவே. அவை வெப்பத்துக்கு ஒவ்வா, விலையும் மிகை என அறிஞரும் மக்கள் பிரதிநிதிகளும் வாதிட்டனர். அத்திட்டம் எண்ணியவாறு நிறைவேறவில்லை.

மாற்று வழியும் பிறநாட்டு உறவினாலேயே வந்தது. 1950களில் தென்னமெரிக்காவின் பொகோட்டா நகரில், மண்ணை அழுத்திக் கல்லாக்கும் கைப்பொறி ஒன்று உருவாயிற்று. களியும் மணலும் அளவாய் அமைந்த மண்ணுடன் சிறிது சீமெந்து கலந்து அழுத்தி, நிழலில் நீர் தெளித்துப் பதப்படுத்தினால் கல் ஆயத்தமாகும். சூளையும் வேண்டா, விறகும் வேண்டா. இக்கற்களுக்கு இலங்கை 2009 இல் தரநிர்ணயமும் வகுத்தது. பின்னர் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் மட்டக்களப்பு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் எழுந்த வீடுகளிலும் இத்தகைய மண்கற்கள் இடம்பெற்றன.

மண்கல் கட்டும்போது எரிபொருளைச் சேமிக்கும். வாழும்போது சேமிப்பதற்கு ஓட்டுக் கூரையும், அகன்ற தாழ்வாரமும், கடற்காற்று நுழையும் எதிரெதிர்ச் சாளரங்களும், மேற்கே ஒரு மரநிழலும் வேண்டும். இவற்றுள் பெரும்பாலானவை பழைய மண்வீட்டுக்கு முன்பே தெரிந்தவை அல்லவா?

நாடுகள் தமக்குள் உதவுதல் நன்று. பணத்தோடு அறிவும் வரட்டும். ஆனால் வரைபடம் விரிக்கப்படும் மேசையருகே, கச்சான் எத்திசையில் வீசும் என்பதை அறிந்த படுவான்கரை மூதாட்டிக்கும் ஓர் இருக்கை இருத்தல் வேண்டும். அந்த வீட்டில் உறங்கப்போகிறவர் அவரே.