தோலுக்குள் இருந்த கணக்கு



நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் மூலக்கூறுகளின் மாதிரிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அதற்குக் காரணம் உண்டு.

கமலைக்குத் தோல் தைத்தவர்கள், பறைக்குத் தோல் கட்டியவர்கள் என்று கூறியே இக்கரிசல் சீமையில் நம் முன்னோரை ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள். அந்தத் தோலுக்கு வலிமை தரும் புரதத்தின் பெயர் கொலாஜன். அதன் அமைப்பை உலகுக்கு எடுத்துரைத்த நகரம் சென்னை. மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது அது என்னும் மாதிரியை, 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் வெளியிட்டனர்.

அம்மாதிரியில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று வெளிநாட்டு அறிஞர் சிலர் குறை கூறினர். அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? இராமச்சந்திரன் இக்கேள்வியை விடவில்லை. இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து 1963-இல் விடை தந்தார். அவர்கள் செய்தது எளிய காரியமே. ஒவ்வோர் அணுவையும் கெட்டியான உருண்டை என்று கொண்டனர். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு கோணங்களை மட்டும் திருப்பிப் பார்த்தனர். உருண்டைகள் மோதிக்கொள்ளும் நிலைகளை நீக்கினர். எஞ்சியவை சில திட்டுகளே. அந்த வரைபடம் இன்றும் உலகெங்கும் புரத ஆய்வாளர்களுக்கு உரைகல்லாக உள்ளது.

1975-இல் லெவிட், வார்ஷெல் ஆகிய இருவரும் இன்னும் சுருக்கினர். அமினோ அமிலத்தின் பல அணுக்களை ஓரிரு உருண்டைகளாக்கி, ஒரு சிறு புரதம் மடிவதைக் கணினியில் நடத்திப் பார்த்தனர். சிக்கலான வேதி அமைப்புகளுக்குக் கணினி மாதிரிகள் வகுத்தமைக்காக, 2013-இல் கார்ப்பிளசுடன் அவர்களுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அறிவதே மாதிரியின் உயிர். விட்டது பிழையானால் விடையும் பிழையாகும். ஆகையால் மாதிரியைச் சோதனையோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டும்.

இளைஞர்களே! கரிசல் மண்ணை உருட்டுங்கள், கோவில்பட்டித் தீக்குச்சிகளால் இணையுங்கள், திருப்பிப் பாருங்கள். எது இயலும், எது இயலாது என்று உங்கள் விரல்களே சொல்லும். இராமச்சந்திரன் இயலாது என்று கூறியது அளந்து பார்த்த பிறகு. நம் பிள்ளைகளிடம் ‘உங்களால் இயலாது’ என்றவர்கள் எதை அளந்தார்கள்?

அளக்காமல் சொன்னதை ஏற்க வேண்டா என்று கேட்டுக்கொண்டு அமைகின்றோம்.