பிழையோடு வாழும் கணக்கு



1794-இல் நில அளவைப் பள்ளியாகப் பிறந்தது நம் கிண்டிக் கல்லூரி. எட்டு ஆண்டுகள் கழித்து, 1802 ஏப்ரலில், பக்கத்துப் பரங்கிமலை அருகே லாம்ப்டன் தம் முக்கோண அளவைக்கு அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். சுமார் ஏழரை மைல். 100 அடி எஃகுச் சங்கிலி. சித்திரை வெயிலில் சங்கிலி நீளுமே? தெர்மாமீட்டர் வைத்து அதற்கும் கணக்குப் போட்டார் மனுஷன்! அளவு என்றால் பிழை இருக்கும்; எவ்வளவு பிழை என்று தெரிந்து வேலை செய்வதுதான் எஞ்சினியரிங்.

அடியேன் கம்ப்யூட்டரில் செய்வதும் அதே வேலைதான். மயிலாப்பூர் மாட வீதியின் பழைய தாள் வரைபடத்தை உள்ளே ஏற்றினால், அடுத்தடுத்த மனைகளின் எல்லைகள் ஒட்டாது. ஓரிடத்தில் சந்து விழும், இன்னோரிடத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். ரங்கநாதன் தெருவில் லேசர் ஸ்கேனர் வைத்தாலோ, சுவரோடு கூட்டமும் கட்டைப்பையும் புள்ளிகளாக வந்து நிற்கும்.

எல்லாவற்றுக்கும் சராசரி எடுத்தால் சுவர் சாய்ந்துவிடும். 1981-இல் ஃபிஷ்லரும் போல்ஸும் சொன்ன ‘ரான்சாக்’ முறை வேறு. ஏதாவது மூன்று புள்ளிகளை எடுத்து ஒரு தளம் போடு. எத்தனை புள்ளிகள் அதன்மேல் உட்காருகின்றன என்று எண்ணு. இப்படிப் பலமுறை செய். அதிக ஓட்டு வாங்கிய தளமே சுவர். கட்டைப்பைக்கு டெபாசிட் காலி!

டேட்டா சுத்தமாக இருந்தாலும் கம்ப்யூட்டரே சறுக்கும். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால், சாதாரணமாக அதற்குச் சரியாக 0.3 வராது. ஒரு புள்ளி கோட்டுக்கு இடமா, வலமா என்று கேட்கும்போது இந்தத் துளிப் பிழையே போதும்; முன்னுக்குப்பின் முரணாகப் பதில் சொல்லி புரோகிராம் படுத்துவிடும். 1997-இல் ஷூசக் காட்டிய வழி: முதலில் வேகமாகப் போடு, விடை சந்தேக எல்லைக்குள் விழுந்தால் மட்டும், தேவையான அளவு துல்லியமாகத் திரும்பப் போடு.

கடைசியாக ஒன்று, ஜூனியர் தம்பி தங்கைகளுக்கு. எல்லைகளைத் தானே ஒட்டவைக்கும் மென்பொருள் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தி.நகரில் 60 அடி நீள எல்லை அரை அடி நகர்ந்தால், 30 சதுர அடி ஒருவர் கையைவிட்டுப் போகிறது. பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அலையப்போவது கம்ப்யூட்டர் அல்ல, அந்த வீட்டுக்காரர். பிழையைத் தாங்குவது வேறு, மறைப்பது வேறு. எங்கே, எவ்வளவு நகர்த்தினோம் என்பதை உங்கள் புரோகிராம் தவறாமல் எழுதி வைக்கட்டும்.