நோயை மறைக்க வேண்டாம்
(வாலிபர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



உயர்தரப் பரீட்சை எழுதிப் பல்கலைக்கழகம் புகவிருக்கும் மாணவருக்கு நாலு வார்த்தை சொல்லும்படி சங்கத்தார் என்னைப் பணித்தார்கள். ஊக்கத்தைப் பற்றியும் உழைப்பைப் பற்றியும் நீங்கள் வேண்டிய மட்டும் கேட்டிருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. தீராத நோயொன்றை உடம்பிற் சுமந்துகொண்டு படிக்கும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைப் பற்றியே பேச வந்தேன்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியனாயிருந்த காலத்தில், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் மத்தியானச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னர் மேசையிலே தலைசாய்த்துக் கிடந்தான். கேள்வி கேட்டேன், ஏதோ உளறினான். இரவு ஊர் சுற்றியிருப்பான் என்றெண்ணி வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டேன். உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, அவன் அப்படியே சரிந்து இருந்துவிட்டான். அவனுடைய தோழன் ஒருவன் என் அனுமதியையும் கேளாமல் ஓடிச்சென்று, சீனித் தண்ணீர் கரைத்துக் குடிப்பித்தான். அதன் பிறகே எனக்கு விஷயம் தெரிந்தது. அவன் நாள்தோறும் இன்சுலின் ஊசி போடுகின்ற நீரிழிவு நோயாளி. வெளியே தெரிந்தால் தங்கையின் கலியாணத்துக்குத் தடையாகும் என்று வீட்டார் மறைத்துவிட்டார்கள். பாடசாலையில் அதை அறிந்திருந்தவன் அந்தத் தோழன் ஒருவனே. அவனும் அறியாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? அதை எண்ணும்போது இன்றும் என் மனம் பதறுகின்றது.

பெரியோர்களே, நமக்கு முதுமையில் வருகின்ற சலரோகம் வேறு. சிறுவரைப் பெரும்பாலும் பிடிக்கின்ற நீரிழிவு வேறு. உடம்பின் காவற்சக்தியே தடம் மாறி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்துவிடுவதால் இது உண்டாகின்றது. இனிப்புத் தின்றதால் வந்ததன்று, ஒட்டிக்கொள்ளும் நோயுமன்று. "முன்வினை" என்று சொல்லி ஒரு தாயின் கண்ணீரைப் பெருக்குவதால் எவருக்கு என்ன பயன்?

நூறு வருடங்களுக்கு முன்னர் இந்நோய் பிடித்த பிள்ளை பிழைப்பதில்லை. 1921ஆம் ஆண்டு கனடாவிலுள்ள ரொறொன்ரோ நகரில் பான்ரிங், பெஸ்ற் என்னும் இருவர் ஆராய்ச்சியில் இறங்கினர். 1922 சனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் எலிசபெத் ஹியூஸ் என்ற அமெரிக்கச் சிறுமியும் அங்கே கொண்டுவரப்பட்டாள். பதினொரு வயதில் நோய் கண்டவள். பட்டினிச் சிகிச்சை ஒன்றே அக்காலத்து வழியாதலால் உடல் மெலிந்து, ஏறத்தாழ 45 றாத்தல் நிறையோடு வந்து சேர்ந்தாள். இன்சுலினால் உயிர் தழைத்து, படித்து, 1929இல் நியூயோர்க்கிலுள்ள பார்னாட் கல்லூரியிற் பட்டம் பெற்றாள். மூன்று பிள்ளைகளுக்குத் தாயானாள். 1981 வரை, எழுபத்து மூன்று வயது வாழ்ந்தாள். ஆனால் தன் நோயை நெருங்கிய சிலரைத் தவிர எவருக்கும் சொல்லாமலே காலத்தைக் கழித்தாள்.

இன்னொருவரைப் பாருங்கள். றொபின் லோறன்ஸ் என்ற இளம் வைத்தியருக்கு 1920ஆம் ஆண்டளவில் இதே நோய் வந்தது. சாவை எதிர்பார்த்து அவர் இத்தாலிக்குப் போயிருந்தார். 1923இல் இன்சுலின் கிடைத்ததும் இலண்டனுக்குத் திரும்பினார். அவர் தம் நோயை ஒளிக்கவில்லை. நோயாளருக்காகப் புத்தகம் எழுதினார். 1934இல் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸுடன் சேர்ந்து நீரிழிவாளருக்கென ஒரு சங்கமே அமைத்தார். 1968 வரை வாழ்ந்தார். இருவரும் நோயை வென்றவர்களே. ஆயினும் ஒருவர் தனியே சுமந்தார். மற்றவர் தம் சுமையைப் பிறருக்கு ஊன்றுகோலாக்கினார். நம் பிள்ளைகள் இரண்டாமவரைப் பின்பற்றுவதே நலம்.

நோயோடு படிக்கும் தம்பி தங்கையரே, உங்களுக்குச் சில சொல்வேன். பேராதனைக்குப் போனாலும் கொழும்புக்குப் போனாலும், விடுதியில் உங்களோடு அறையில் இருப்பவருக்கு முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள். பரீட்சைக்கு முன்னரே அதிபரிடம் வைத்தியரின் கடிதத்தைக் கொடுத்து, மண்டபத்துக்குச் சீனியோ குளுக்கோசோ கொண்டுசெல்ல ஒழுங்கு செய்யுங்கள். வியர்வையும் நடுக்கமும் தோன்றினால், விடையை எழுதி முடித்துவிட்டுப் பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரிற் கரைத்துக் குடித்துக் கால் மணி நேரம் பொறுங்கள். இரத்தத்திற் சீனி குறைந்தால் மூளை மந்தமாகும். தெரிந்த கணக்கும் தெரியாமற் போகும். பாடத்துக்காக ஊசியையும் சாப்பாட்டையும் தள்ளிப்போடுவது ஊக்கமன்று. சுவர் இருந்தால்தான் சித்திரம். கந்தசஷ்டி போன்ற விரதங்களையும் வைத்தியரைக் கேளாமற் பிடிக்க வேண்டாம்.

கூடப் படிக்கும் பிள்ளைகளே, நினைவு தப்பிக் கிடப்பவனுடைய வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரைக்கேறிவிடும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

பெரியோர்களே, 1945இல் தொடங்கிய இலவசக் கல்வியும் அரசாங்க வைத்தியசாலைகளின் இலவசச் சிகிச்சையும் இந்நாட்டு ஏழைப் பிள்ளைக்குக் கிடைத்த இரு கரங்கள். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது இரண்டாவது கரம் எத்துணை அருமையானது என்பதை உணர்ந்தோம். இந்த இரண்டும் இருந்தும் நம் ஊர்வாய்க்குப் பயந்து ஒரு பிள்ளை பள்ளியிலே மயங்கி விழுமாயின், அந்தக் குற்றம் நோயினுடையதன்று, நம்முடையது. ஆகவே சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். இவ்வாண்டில் ஒரு வைத்தியரை அழைத்து, இம்முதலுதவியை நம் அங்கத்தவர் அனைவருக்கும் கற்பியுங்கள். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டிலும் ஈரமான மட்பானையில் இன்சுலினைச் சூடேறாமற் காக்கலாம். இதுபோன்ற சிறு விஷயங்களையும் அவரிடம் கேட்டறியுங்கள்.

நான் வெளியே நிறுத்திய அந்த மாணவன் அடுத்த ஆண்டு பரீட்சையிற் சித்தியடைந்து பல்கலைக்கழகம் சென்றான். புறப்படுமுன் என்னிடம் விடைபெற வந்தான். மன்னிப்புக் கேட்டேன். "சேர், நான் சொல்லியிருந்தால் நீங்கள் அப்படிச் செய்திருப்பீர்களா?" என்றான். நானோ, "நீ சொல்லக்கூடிய ஆசிரியனாக நான் இருந்தேனா?" என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அந்தக் கேள்வியை உங்கள் முன்னும் வைத்து அமர்கின்றேன்.