வினைமுதல் மறைந்த சொல்



‘புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள்’ என்றொரு தொடர் மருத்துவ உலகில் வழங்கிவருகிறது. இலக்கணம் பயின்றோர் இதனைக் கண்டதும் ஒன்றை உணர்வர். இது செயப்பாட்டுவினை. வினை தெரிகிறது, வினைமுதல் மறைந்து நிற்கிறது. புறக்கணித்தவர் யார்? விடை காண ஒரு நோயின் வரலாறே போதும்.

வடபுலத்தார் ‘காலா அசார்’ என வழங்கும் கருங்காய்ச்சல், மணல் ஈயின் கடியால் பரவுவது. மண்ணீரலை வீங்கச் செய்வது. மருத்துவம் பெறாதவரைப் பெரும்பாலும் கொல்வது. இந்நோய்க்குரிய ஒட்டுண்ணியை 1903 இல் அறிவித்த இருவருள் ஒருவர், சென்னைப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லசு டோனவன். மற்றவர் வில்லியம் லீசுமன். இருவர் பெயரும் அவ்வுயிரியின் பெயரில் இணைந்துள்ளன. 1920களில் கல்கத்தாவின் உபேந்திரநாத் பிரம்மச்சாரி கண்ட யூரியா சிடிபமைன் எண்ணற்றோரைக் காத்தது.

பின்னாளில் பீகாரில் ஆன்டிமனி மருந்துகள் ஆற்றல் இழந்தன. ஆம்போடெரிசின்-பி என்னும் மருந்து பயன் தந்தது. ஆயினும் சிறுநீரகத்தைத் தாக்கியது. ஒருநாள் விட்டு ஒருநாளாகப் பதினைந்து முறை நரம்புவழி ஏற்றவேண்டும். ஏறத்தாழ ஒரு திங்கள் மருத்துவமனையில் கிடக்கும் கூலித்தொழிலாளியின் வீட்டில் அடுப்பு எவ்வாறு எரியும்?

இங்கேதான் நானோ நுட்பம் துணைக்கு வருகிறது. ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் வரும் ஒரு கூறே நானோமீட்டர். நூறு நானோமீட்டருக்கும் சிறிய கொழுப்புக் குமிழ்களில் அம்மருந்தைப் பொதிந்தனர். இக்குமிழை லிப்போசோம் என்பர். ஒட்டுண்ணி ஒளிந்து வாழ்வதோ, அயற்பொருள்களை விழுங்கி உடலைக் காக்கும் அணுக்களுக்குள். அதே அணுக்கள் இக்குமிழ்களையும் விழுங்குகின்றன. மருந்து பகைவன் உறையும் வீட்டிற்கே சென்று சேர்கிறது; சிறுநீரகத்திற்கு ஊறு குறைகிறது.

சியாம் சுந்தர் குழுவினர் பீகாரின் முசாப்பர்பூரில் நிகழ்த்திய ஆய்வு 2010 இல் வெளிவந்தது. ஒரே ஒருமுறை ஏற்றிய குமிழ்மருந்து 304 பேருள் ஏறத்தாழ 96 விழுக்காட்டினரைக் குணப்படுத்தியது. பதினைந்து முறை ஏற்றிய பழைய மருந்திற்கு அது இணையாக நின்றது.

ஆனால் இக்குமிழ்மருந்து 1990களின் தொடக்கத்திலேயே ஐரோப்பாவில் பூஞ்சை நோய்களுக்கென விற்பனைக்கு வந்ததாகும். இந்தியாவின் ஒழிப்புத் திட்டம் இதனை முதன்மை மருந்தாக ஏற்றதோ 2014 இல். இடையில் நின்ற பெருந்தடை விலை. ஏழைக்கு வரும் நோயில் ஊதியம் காணாத சந்தையும், அதற்கு இசைந்து வாளாவிருந்த நாமும் அன்றோ அந்த வினைமுதல்!

2011 இல் கிலியட் நிறுவனம் உலக நலவாழ்வு நிறுவனத்தின் வழியே 4,45,000 குப்பிகளை ஐந்தாண்டுகளில் நன்கொடையாக வழங்க இசைந்தது. மருந்தும் பூச்சித் தெளிப்பும் நோய் தேடும் களப்பணியும் ஒன்றுகூடின. ஆண்டுதோறும் பல்லாயிரவரைப் பற்றிய நோய் இந்தியாவில் ஆயிரத்திற்கும் கீழே இறங்கியது. வங்கதேசம் 2023 இல் ஒழிப்புச் சான்றே பெற்றது.

கொடை போற்றத்தக்கது. அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்த அதியமானின் பெயர் தாங்கிய இந்த அதியமான்கோட்டையில் இதனை யார் மறுப்பர்? எனினும் ஔவைக்குப் பாட்டு இருந்தது. புரவலன் அவையில் இடம் இருந்தது. பீகாரின் மண்சுவர் வீட்டில் காய்ச்சலில் கிடப்பவர் பரிசில் பெறவந்த புலவர் அல்லர். அவருக்கு மருந்து ஒருவர் உள்ளம் கனிந்தால் கிட்டும் கொடையாக அமைதல் போதாது, உரிமையாக வேண்டும். குமிழை அணுவரை செலுத்தக் கற்றது அறிவியல். குப்பியைக் குடிசைவரை செலுத்துவது அறம்.

கவிஞர்களே, சொற்களில் மறைந்து நிற்போரை வெளிக்கொணர்வது நம் தொழில். ‘புறக்கணிக்கப்பட்ட’ என்று எழுதும்போதெல்லாம், யாரால் என்பதையும் சேர்த்தே எழுதுவோமாக.