பாட்டும் பணியிடமும்



பணியிடப் பண்பாட்டை வளப்படுத்துவதில் பணியாளர்தம் கலைக்கும் படைப்பாற்றலுக்கும் உள்ள பங்கு குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். சுவரோவியம் தீட்டச் செய்யுங்கள், கவிதைப் போட்டி வையுங்கள், ஆண்டு விருந்தில் ஆடவும் பாடவும் விடுங்கள், ஊழியர் உள்ளம் மலரும் என்று மேலாண்மை நூல்கள் கூறுகின்றன. அது உண்மையா என்று கேட்பதைவிட, எப்போது உண்மையாகிறது என்று கேட்பது பயனுடையது. என் விடையை முன்னரே சொல்லிவிடுகிறேன். அக்கலை பணியாளருக்கே உரியதாக இருக்க வேண்டும். அது சொல்வதைக் கேட்கும் செவியும் மேலே இருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் கலை வெறும் தோரணம்தான்.

தொழிலையும் பாட்டையும் தனித்தனியே பார்ப்பது நம் மரபில் அண்மைக்காலப் பழக்கம். ஏற்றம் இறைத்தவர் பாடிய பாட்டு, இறைத்த சால்களை எண்ணும் கணக்காகவும் பயன்பட்டது. தோணி இழுத்தவர்களின் ஏலேலோ, பல தோள்களின் விசையை ஒரே கணத்தில் சேர்த்தது. நடவுப் பாட்டில் ஒருத்தி முன்பாட, மற்றவர்கள் பின்பாடினார்கள். முன்பாடியவள் அந்த நேரத்திற்கு வயலின் தலைவி. அவளை யாரும் நியமிக்கவில்லை, குரலும் சொல்வளமும் நியமித்தன. வரப்பில் நின்றவரைக் கேலி செய்யும் வரியையும் அவள் இடையில் நுழைத்துவிடுவாள்.

அந்தக் குரல் கடல் கடந்தும் சென்றது. இலங்கை மலையகத் தோட்டங்களில் வழங்கிய பாடல்களைத் திரட்டியவர் சி. வி. வேலுப்பிள்ளை. மலையகப் பாடல்களுள் ஒன்று, காப்பிப் பழம் ஒன்று தவறிப்போனதற்காகச் சின்னத்துரை உதைத்ததைச் சொல்கிறது. முகத்துக்கு நேரே சொல்ல இயலாததைப் பாட்டில் வைத்தார்கள். பாடியவர்களின் மனச்சுமை சற்றே இறங்கியிருக்கும். ஆனால் உதைப்பவன் கேட்காத வரையில், பாட்டால் உதை நிற்பதில்லை. படைப்பாற்றலுக்கு அங்கே குறைவில்லை. கேட்கும் செவிதான் இல்லை.

இதற்கு மாறான ஓர் அமைப்பைக் கியூபாவில் காண்கிறோம். 1865 ஆம் ஆண்டு, ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலை ஒன்றில், கைகள் இலையைச் சுருட்டிக்கொண்டிருக்க, ஒருவர் உயரமான இருக்கையில் அமர்ந்து உரக்கப் படிக்கும் வழக்கம் தொடங்கியது. செய்தித்தாளும் படிக்கப்பட்டது, நாவலும் படிக்கப்பட்டது. படிப்பவருக்கு முதலாளி சம்பளம் தரவில்லை. தொழிலாளர் தம் கூலியிலிருந்து ஆளுக்குச் சிறிது ஈந்து அவரை அமர்த்திக்கொண்டனர். எந்த நூலைப் படிப்பது என்பதையும் அவர்களே வாக்களித்து முடிவு செய்தனர். வாசிப்பு பிடித்திருந்தால், இலை வெட்டும் கத்தியால் பலகையைத் தட்டுவார்கள். எழுத்தறியாத பலர் இவ்வாறு உலக இலக்கியத்தைச் செவிவழியே கற்றனர். மான்டிகிறிஸ்டோ என்னும் புகழ்பெற்ற சுருட்டின் பெயர், தொழிற்சாலையில் விரும்பிக் கேட்கப்பட்ட அலெக்சாந்தர் டூமாவின் நாவலிலிருந்து வந்தது என்பர்.

அதிகாரத்திற்கு இது உவப்பாக இருக்கவில்லை. 1866 இல் அரசு இவ்வாசிப்பைத் தடை செய்தது. பின்னர் அது மீண்டும் தழைத்தது. கியூபத் தொழிலாளர்கள் அமெரிக்காவின் டாம்பா நகருக்குக் கொண்டுசென்ற அதே வழக்கத்தை, 1931 இல் அங்கிருந்த ஆலை உரிமையாளர்கள் நிறுத்தினர். தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தும் பயனில்லை. வாசகர் அமர்ந்த இடத்தை வானொலிப் பெட்டி பிடித்தது. வானொலியிலும் இசை உண்டு, கதை உண்டு. ஆயினும் எதைக் கேட்பது என்ற உரிமை கைமாறிவிட்டது. இன்று அலுவலகங்களில் மேலிருந்து இறங்கிவரும் கலைநிகழ்ச்சிகள் பலவற்றைக் காணும்போது எனக்கு அந்த வானொலிப் பெட்டியே நினைவுக்கு வருகிறது.

நம் சிங்கப்பூருக்கு வருவோம். 1981 இல் உற்பத்தித்திறன் இயக்கம் தொடங்கியபோது இரண்டு வகை முயற்சிகள் அருகருகே நடந்தன. ஒன்று, 1982 இல் அறிமுகமான டீமி என்னும் தேனீச் சின்னமும் அதற்கான பாட்டும். மற்றொன்று, அரசாங்க ஊழியர்கள் சிறு குழுக்களாகக் கூடித் தம் வேலையைத் தாமே சீர்திருத்த வழிகாணும் பணி மேம்பாட்டுக் குழுக்கள். ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் 1951 இலேயே ஊழியர் யோசனைத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. தேனீயைப் பலர் அன்போடு நினைவுகூர்கிறார்கள். நான் குழுவின் பக்கம் நிற்பவன். அது கலையா என்று கேட்கலாம். நாள்தோறும் முதுகு நோகக் குனிந்த ஒருவர், பொருளை வைக்கும் உயரத்தை மாற்றிக் குனியாமல் வேலை செய்ய வழிகண்டால், அந்தக் கை குயவனின் கைக்கு உறவுதான்.

இனி, தமிழ் கற்பிக்கும் நம்மை நேரடியாகத் தொடும் செய்தி. 2014 முதல் இங்கு வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டி நடைபெற்றது. முதலில் பங்ளாதேஷ் ஊழியர்களுக்கென வங்கமொழியில் தொடங்கி, அடுத்த ஆண்டே தமிழ் உள்ளிட்ட பிற மொழிகளுக்கும் விரிந்தது. கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைப்பவர்கள் மேடையேறித் தம் கவிதையைப் படித்தார்கள். பாராட்டத்தக்க பணி. ஆனால் அது நிகழ்ந்தது பணியிடத்திற்கு வெளியே. ஓய்வுநாளில் கவிஞராகக் கைதட்டல் பெற்றவர், மறுநாள் காலை தளத்தில் தலைக்கவசம் அணிந்த ஓர் ஆள். அவருக்கு எழுதத் தெரியும் என்பதை மேற்பார்வையாளர் அறிந்திருப்பாரா?

அதே தளத்தின் வேலியில் தொங்கும் தமிழ் எச்சரிக்கைப் பலகையை நின்று படித்துப் பாருங்கள். சில பலகைகளில் எழுத்து சிதைந்திருக்கும். சிலவற்றில் வாக்கியம் எந்திரத்தின் வாயிலிருந்து வந்ததாகத் தோன்றும். விழுந்தால் உயிர் போகும் இடத்தில் நிற்பவனுக்கு, புரியாத தமிழில் எச்சரிக்கை! கவிதை எழுதும் ஊழியர் அங்கேயே இருக்கிறார். அந்த வாசகத்தை அவரிடம் எழுதச் சொல்லலாம். காலைநேரப் பாதுகாப்புக் கூட்டத்தில் அவர் குரலில் அதைச் சொல்லச் செய்யலாம். எழுதும்போது, “இந்தச் சாரத்தில் கைப்பிடியே இல்லை, பிடித்துக்கொள் என்று எப்படி எழுதுவது?” என்று அவர் திருப்பிக் கேட்கக்கூடும். அக்கேள்விக்கு முதலில் விடை வேண்டும். பலகை அதன் பிறகு வரட்டும்.

ஆசிரியர் அறையும் ஒரு பணியிடமே. மாணவர் போட்டிகளுக்காக ஆண்டு முழுதும் பாட்டும் நாடகமும் எழுதித் தருகிறோம்; நம் வேலையைப் பற்றி நாமே எழுதுவது அரிது. தவணைக்கு ஒருமுறை, தலைப்பு விதிக்காமல், பரிசு வைக்காமல், ஆசிரியர்கள் தாம் எழுதியதைத் தமக்குள் படித்துக்கொள்ளும் ஒரு மணி நேரத்தை ஏற்படுத்திப் பாருங்கள். முதல் கூட்டத்தில் இயற்கை வருணனைதான் வரும். மூன்றாவது கூட்டத்தில் திருத்தும் கட்டுகளைப் பற்றியும், பெற்றோரின் நள்ளிரவுக் குறுஞ்செய்தியைப் பற்றியும், காலியாகக் கிடக்கும் நூலக மூலையைப் பற்றியும் வரத் தொடங்கும். துறைத்தலைவர் அன்று கேட்பவராக அமர வேண்டும். கேட்டவற்றுள் ஒன்றையேனும் அடுத்த தவணைக்குள் மாற்ற முயல வேண்டும்; மாற்ற இயலாதென்றால் ஏன் என்று சொல்ல வேண்டும்.

மாணவர்களே, உங்களுள் சிலர் விடுமுறையில் கடைகளிலும் உணவகங்களிலும் பகுதிநேர வேலை செய்வீர்கள். அங்கே சுவரில் ஒட்டியிருக்கும் வாசகங்களை எழுதியவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். இன்னும் இருபது நிமிடம் கேள்வி நேரத்திற்கு ஒதுக்கியிருக்கிறார்கள்; அந்த விடைகளிலிருந்தே தொடங்கலாம்.